லோடு வண்டி குதிக்காது

வண்டி ஷெட்டுக்குள்ள நிற்குது. போர்வையை நீங்க எடுக்காதீங்க தம்பி, அடியில் கொக்கி மாட்டியிருக்கு, இழுத்தா கிழிஞ்சுடும். நானே எடுக்கிறேன். முதல்ல உட்காருங்க. சேலத்திலிருந்து பஸ்ஸில் நின்னுக்கிட்டே வந்தேன்னு சொல்றீங்க. தண்ணியாவது குடிங்க.

வந்த உடனே விலையைக் குறைக்க முடியுமான்னு கேட்கிறீங்க. விலை எல்லாம் எங்க வீட்டுக்காரர் போனில் பேசியிருப்பார். அவர் சொன்னதுதான். ஆனா கொடுக்கிறதா வேண்டாமாங்கறது அவர் கையில் இல்லை. சாவி என்கிட்ட இருக்கு. "ஒரு பையன் வருவான் வசந்தா, ஓட்டிப் பார்க்கட்டும், பிடிச்சிருந்தா கொடுத்துடு"ன்னு நேத்து சாயங்காலம் சொல்றார். இமாச்சலத்தில் ஏதோ ஒரு ஊரு, பேரு வாயில் நுழையலை, அங்கே உட்கார்ந்துக்கிட்டு இங்கே இருக்கிற வண்டியைக் கொடுத்துடுன்னு சொல்றது சுலபம். எப்பேர்ப்பட்ட ஆளுன்னு விசாரிக்காம நான் கொடுக்கிறதா இல்லை. தப்பா நினைச்சுக்காதீங்க. வண்டியை நான் அப்படிப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

இது எப்படி எங்க வீட்டுக்கு வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் வண்டியோட அருமை தெரியும்.

எங்க வீட்டுக்காரர் பேரு நல்லசிவம். போனில் பேசியிருக்கீங்க. லாரிக்காரர். நாமக்கல்லில் லாரிக்காரர் இல்லாதவர் யாருன்னு கேட்காதீங்க, இவர் நேஷனல் பர்மிட். கல்கத்தா, கௌஹாத்தி, காண்ட்லா. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து போன வருஷம் வரைக்கும் அதுதான். வீட்டுக்கு வருவார், லாரியைக் கழுவுவார், லோடு கிடைச்சா போயிடுவார். "மாப்பிள்ளை லாரியைக் கழுவத்தான் இந்தப் பக்கம் வர்றார்"னு எங்க அம்மா சொல்லும். மகள் கோகிலா கல்யாணம் முடிஞ்சு ஓசூர் போனதும், இனி யாருக்கு ஓட்டறதுன்னு ஐப்பசியில் லாரியை வித்துட்டார்.

சரி, இனிமே மனுஷன் வீட்டில் இருப்பார்னு நினைச்சேன். இருந்தார். எப்படி இருந்தார்? சோபாவில் உட்கார்ந்தாலும் விளிம்பில்தான் உட்காருவார், யாரோ ஹாரன் அடிச்சா எழுந்திரிக்கிற மாதிரி. காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போய் நிற்பார். லாரி நின்ன இடத்தைப் பார்த்துட்டு உள்ள வருவார். மார்கழியில் ஒரு நாள் தோசை சாப்பிட்டுக்கிட்டே சொன்னார், "வசந்தா, இத்தனை வருஷம் இந்தியா பூராவும் சுத்தினேன். நான் பார்த்ததெல்லாம் முன்னால போற லாரியோட பின்பக்கம்தான். ஒரு பைக் எடுத்துட்டு லடாக் வரைக்கும் போய் வரணும்."

வேற பொம்பளையா இருந்தா குதிச்சிருப்பா. நான் "எந்த வண்டி?"ன்னு மட்டும் கேட்டேன்.

அவ்வளவுதான். தை மாசத்திலிருந்து பங்குனி வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனா ஷோரூம். இந்த ஊரில் இருக்கிறது எல்லாம் பார்த்து முடிச்சோம். அப்புறம் சேலம், அப்புறம் ஈரோடு, கரூர். பஸ்ஸில் போவோம். ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துடுவார். ரோட்டில் போற வண்டியை எல்லாம் காட்டி, இதோட ஷாக்கு சரியில்லை, அது பள்ளத்தில் இறங்கினா அடியில் தட்டும்னு சொல்லிக்கிட்டே வருவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்கிட்ட இவ்வளவு பேசினது அப்போதான். மத்தியானம் ஓட்டல் சாப்பாடு. அலைச்சல்னா அலைச்சல் தம்பி, கால் வீங்கிப் போகும். ஒரு இடத்திலும் முடிவு எடுக்க மாட்டார். "அடுத்த வாரம் பார்ப்போம்"னு சொல்வார். எனக்கு எரிச்சலா வரும். எந்த ஊருன்னு மட்டும் முன்கூட்டியே கேட்டு வெச்சுக்குவேன். சேலை எடுத்து வைக்கணும் இல்லையா.

கடைக்காரப் பையன்களுக்கு என்னைக் கண்டா கொஞ்சம் பயம். நான் ஏழாவதோட நின்னவ, ஆனா கேட்கிறதைக் கேட்பேன். ஆற்றில் இறங்கினா சைலன்சருக்குள்ள தண்ணி போகுமா? போனா என்ன பண்றது? குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகலைன்னா உதைக்கிறதுக்கு கிக்கர் இருக்கா? ஈரோட்டில் ஒருத்தன், "மேடம், வண்டி ஓட்டப்போறது நீங்களா?"ன்னான். "ஏன், நான் ஓட்டினா குறைச்சுக் கொடுப்பியா?"ன்னேன். எங்க வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டே அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

அவருக்கு வேணுங்கிறது வேற. வண்டியோட வயிறு தரையிலிருந்து உசரமா இருக்கணும், கல்லில் இடிக்கக் கூடாது. அலாய் வீல் வேண்டாம், பள்ளத்தில் விழுந்தா விரிசல் விடும், கம்பி வீல்னா கோணினாலும் நிமிர்த்திக்கலாம். மோசமான ரோட்டில் எழுந்து நின்னு ஓட்டணும், அப்போ ஹேண்டில்பார் கைக்கு எட்டணும். எந்த மூலையில் நின்னு போனாலும் அந்த ஊர்ப் பட்டறைக்காரன் கைவெச்சுப் பழகின வண்டியா இருக்கணும். இதெல்லாம் சரி. எல்லாக் கடையிலும் கடைசியா ஒண்ணு சொல்வார். "விழுந்தா தனியாத் தூக்கி நிறுத்தற எடையா இருக்கணும்."

எனக்கு அங்கேதான் கோபம் வரும். "தனியா எதுக்குத் தூக்கணும்? நான் ஒரு பக்கம் பிடிக்க மாட்டேனா?"ன்னு கேட்பேன்.

அவர் பையன்கிட்டத் திரும்பி மைலேஜ் எவ்வளவுன்னு கேட்பார். எத்தனை தடவைதான் மைலேஜைக் கேட்பார்னு நினைச்சுக்குவேன்.

அவர் மனசு ஒரு சின்ன வண்டி மேலதான் இருந்துச்சு. ஒல்லியா, உசரமா, கொக்கு மாதிரி. அதோட பின்சீட்டு உள்ளங்கை அகலம். அதில் யார் உட்காருவா, பூனை உட்காரும். அதுவும் பெரிய ரோட்டில் பக்கத்தில் ஒரு டாரஸ் லாரி போனா, அந்தக் காத்துக்கே தூக்கிட்டுப் போயிடும். நான் சேலத்தில் இதைப் பார்த்து வெச்சிருந்தேன். இதைப் பாருங்க, எப்படி உட்கார்ந்திருக்குன்னு. அகலம். பின்னால சாய்மானம் போட இடம் இருக்கு. பிடிச்சுக்க ரெண்டு பக்கமும் கம்பி. "வெயிட்டு அதிகம் வசந்தா"ன்னார். நான் சொன்னேன், "காலி லாரி குதிக்கும், லோடு லாரி குதிக்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க? வெயிட்டு இருந்தாத்தானே ரோட்டைப் பிடிக்கும்?"

லாரிக்காரர்கிட்ட லாரி நியாயத்தைப் பேசினா அவர் என்ன சொல்ல முடியும்? கொஞ்ச நேரம் அந்தச் சீட்டைத் தடவிக்கிட்டே நின்னார். "சரி, உனக்குப் பிடிச்சிருக்கில்ல"ன்னார். இதையே வாங்கினோம்.

ஆஞ்சநேயர் கோயிலில் பூஜை போட்டோம். நான் ஆட்டோவில் வந்தேன், அவர் வண்டியில் வந்தார். புது வண்டியில் ரெட்டை ஆள் ஏத்தக் கூடாதாம், ரன்னிங் முடியணுமாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்னார். சரிதானே, வண்டிக்கு நல்லதுன்னா சரிதான். ஆயிரம் ஓடிச்சு. முதல் சர்வீஸ் முடியட்டும்னார். அதுவும் முடிஞ்சுது. அப்புறம் டயர் பழகட்டும்னார். அவருக்கு வண்டியைப் பத்தித் தெரியாதது இல்லை, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். அதனால சொல்றேன் தம்பி, இந்தச் சீட்டில் பின்னால இன்னும் ஒருத்தரும் உட்காரலை. புத்தம்புதுசு. விலையைக் குறைக்கச் சொல்றதுக்கு முன்னாடி அதையும் யோசிங்க.

எனக்கென்ன, பஸ்ஸிலேயே தலை சுத்தும். லடாக்கில் எனக்கு என்ன வேலை? வெளியூர்ச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்காது, லாரியில் போனப்போ கிளீனர் சமைச்சுக் கொடுத்தான். இப்போ யார் இருக்கா? ஒருத்தர் கூடப் போகத்தானே வேணும். அதுக்காக எல்லாம் எடுத்து வைக்க ஆரம்பிச்சேன். என் தம்பி பொன்னுசாமி லாரி பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கான். லாரிக்கு டூல்ஸ் பெட்டி அடிக்கிற தகட்டில் ரெண்டு பெட்டி அடிச்சு, வண்டிக்கு ரெண்டு பக்கமும் மாட்டிக் கொடுத்தான். யானை ஏறி நின்னாலும் நசுங்காது. வலது பக்கம் அவருக்கு, இடது பக்கம் எனக்கு. அரிசி, சின்ன ஸ்டவ், ஊறுகாய், பருப்புப் பொடி. அவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துட்டு, "வசந்தா, இது லாரி இல்லை"ன்னார். "லாரி இல்லைன்னாலும் லாரிக்காரர் வண்டிதானே"ன்னான் பொன்னுசாமி. எல்லாரும் சிரிச்சோம். அவரும் சிரிச்சார்னுதான் நினைக்கிறேன்.

சித்திரைக் கடைசியில் ஓட்டிப் பார்த்துட்டு வர்றேன்னு கொல்லிமலைக்குப் போனார். தார் ரோட்டில் ஒரு குறையும் இல்லையாம். மேலே போய் மிளகுத் தோட்டத்துப் பக்கம் மண் பாதையில் இறங்கியிருக்கார். முதல் நாள் மழை. செம்மண் சேறு. முன் டயர் வழுக்கி வண்டி சாய்ஞ்சு, இவர் கால் அடியில் மாட்டிக்கிச்சு. தூக்கிப் பார்த்திருக்கார், முடியலை. பெட்டி வேற. தோட்டத்தில் வேலை செஞ்சவங்க வந்து தூக்கற வரைக்கும் அப்படியே படுத்துக்கிட்டு இருந்திருக்கார். என்கிட்டச் சொல்லலை. இண்டிகேட்டர் உடைஞ்சிருக்கிறதைப் பார்த்துட்டு நான்தான் கேட்டேன். முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்துச்சு.

பத்துப் போட்டுக்கிட்டே திட்டினேன். "என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா ஒரு கை பிடிச்சிருக்க மாட்டேனா?" அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் சொன்னார், "வண்டி மேல தப்பில்லை. நான் தனியாப் போறவன் வசந்தா. எனக்கு இது சரிப்படாது."

அடிபட்ட வலியில் ஏதோ பேசறார்னு விட்டுட்டேன். அப்படித்தானே விடுவோம்?

வைகாசியில் கால் சரியாச்சு. ஒரு நாள் வெளியே போனவர் ஒரு பழைய வண்டியில் வந்து இறங்கினார். கூட லாரி ஓட்டின சிநேகிதர் யாரோ கொடுத்ததாம். பால்காரர் வண்டி மாதிரி இருக்கு. ஒத்தை ஆள் சீட்டு, அதுக்குப் பின்னால சின்னக் கேரியர். ஒரு கையில் சாய்ச்சுப் படுக்க வெச்சார், மறுபடி ஒரே தூக்கில் நிமிர்த்திக் காட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி முகம். "பார்த்தியா?"ன்னார். நான் பார்த்தேன்.

கோகிலா போனில் சொல்றா, "அம்மா, அப்பா முதல்லேர்ந்தே தனியாப் போறதாத்தான் என்கிட்டச் சொன்னார். உனக்குத் தெரியாதா?" அவளுக்கு என்ன தெரியும், அவ ஓசூரில் இருக்கா. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கூடவே போனவ நான்.

கிளம்பறதுக்கு முதல் நாள் இரும்புப் பெட்டியிலிருந்து அவர் சாமானை எல்லாம் ஒரு துணிப் பைக்கு மாத்தினார். செயின் கழுவற பிரஷ், கிளட்ச் கேபிள் ஒண்ணு உபரி, ட்யூப், பஞ்சர் சாமான், உடைஞ்சா மாத்தறதுக்கு பிரேக் லீவர். எது கீழே, எது மேலேன்னு அவ்வளவு ஒழுங்கு. அப்புறம் எதையோ தேடி இடது பக்கப் பெட்டியைத் திறந்தார். அதில் என் சுடிதார் ரெண்டு இருந்துச்சு, ஸ்வெட்டர், மழைக்கோட்டு, தலைவலித் தைலம். நான் அடுப்படி வாசலில் நிற்கிறேன். அவர் ஒவ்வொண்ணா வெளியே எடுத்துப் பார்த்தார். மறுபடி ஒவ்வொண்ணா மடிச்சு உள்ள வெச்சு மூடினார். நான் மடிச்சதை விட நல்லா மடிச்சு வெச்சார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"உனக்கு இடுப்பு வலி. வீட்டைப் பார்த்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனார்.

பார்த்துக்கிறேன். வீட்டையும் பார்த்துக்கிறேன், வண்டியையும் பார்த்துக்கிறேன். தினமும் காலையில் துடைப்பேன். ஸ்டார்ட் பண்ணி வெச்சு, காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் சத்தம் கேட்பேன். அந்தச் சத்தம் இருந்தா வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும், திருட்டுப் பயம் இல்லை. செயினைத் தொட்டுப் பாருங்க, துரு இருக்கா? நல்லெண்ணெய். செவ்வாய், வெள்ளி தவறாம விடறேன். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? மண்ணு ஒட்டும்தான், ஒட்டினா துடைச்சுட்டு மறுபடி விடறேன். இதையே நேத்து அவர்கிட்டயும் சொன்னேன். சிரிச்சார் பாருங்க, போனே அதிர்ந்துச்சு. "செக்கு எண்ணெயா, பாக்கெட் எண்ணெயா?"ன்னு கேட்டார். ரொம்ப நாள் கழிச்சு அப்படிச் சிரிச்சார். அது முடிஞ்சுதான், ஒரு பையன் வருவான், வண்டியைக் கொடுத்துடுன்னார்.

டவர் கிடைச்சாத்தான் பேசுவார். பேசினா வண்டிப் பேச்சுதான். இன்னைக்கு ஓடையில் இறங்கினேன், முன் பிரேக் கட்டை தேய்ஞ்சிருக்கு, கம்பி ரெண்டு தளர்ந்திருக்குன்னு. நான் கேட்டுக்குவேன். சாப்பிட்டீங்களான்னு கேட்டா, சாப்பிட்டேன்னு ஒரு வார்த்தை. போட்டோ அனுப்பறார். இதோ பாருங்க. பனி மலை, அதுக்கு முன்னாடி அந்தப் பால்காரர் வண்டி. இது பாலம், வண்டி. இது ஏதோ ஏரி, வண்டி. ஒண்ணிலாவது அவரைக் காட்டுங்க பார்ப்போம். "நீங்க எங்கே?"ன்னு கேட்டேன். "எடுக்க ஆள் இல்லை வசந்தா"ன்னார்.

சரி, என் கதை கிடக்கட்டும். உங்களைக் கேட்கிறேன். கல்யாணம் ஆயிடுச்சா? அப்படியா, போன ஆவணியிலா. நல்லது. வீட்டுக்காரம்மா பேரு என்ன? அவங்களும் வருவாங்களா, மலைக்கெல்லாம்?

என்ன சொன்னீங்க?

பின்சீட்டைக் கழட்டிட்டு அங்கே கேரியர் போடப் போறீங்களா. லக்கேஜுக்கு. ஓகோ.

அப்போ இந்த வண்டி உங்களுக்கு ஆகாது தம்பி. நான் சொல்றேன், கேளுங்க. இது வெயிட்டு. விழுந்தா தனியாத் தூக்க முடியாது. உங்க உடம்புக்கு நீங்க வேற வண்டி பாருங்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், பையனுக்குப் பிடிக்கலைன்னு. பஸ்ஸுக்கு நேரமாகுது உங்களுக்கு.

ஓட்டியாவது பார்க்கிறேன்னா?

அது நியாயம்தான். இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. ஓட்டிப் பார்க்காம அனுப்பினா அவர் என்னைத்தான் கேட்பார். ஆனா சாவியைக் கொடுத்துட்டு வாசலில் நிற்க நான் தயாரில்லை. எங்க தெருவிலேயே ஒருத்தர் வண்டி விக்கிறேன்னு சாவியைக் கொடுத்தார். ஓட்டிப் பார்க்கப் போனவன் இன்னும் ஓட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கான். அதிலிருந்து இங்கே வழக்கம், விக்கிற வீட்டு ஆள் ஒருத்தர் பின்னால ஏறிக்கணும். மச்சானோ தம்பியோ யாராவது ஏறுவாங்க. இந்த வீட்டில் யார் இருக்கா? பொன்னுசாமி பட்டறையில் இருப்பான், அவனைக் கூப்பிட்டா சாயங்காலம் ஆயிடும்.

ஆதார் கார்டை வெச்சுட்டுப் போறீங்களா? உங்க கார்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வண்டி எங்கேன்னு அவர் கேட்டா கார்டையா காட்டறது? அதெல்லாம் வேண்டாம். உள்ள வைங்க.

நானே ஏறிக்கிறேன்.

சங்கடப்படாதீங்க, உங்க அம்மா வயசு எனக்கு. இருங்க, வீட்டைப் பூட்டிட்டு வர்றேன். ஹெல்மெட் என் அளவுக்கு ஒண்ணு இருக்கு. சென்டர் ஸ்டாண்டை எடுக்கும்போது பார்த்து, நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிறேன். ம். இப்போ இறங்குச்சா? ரெண்டு பேர் பிடிச்சா எவ்வளவு சுலபமா இறங்குது பாருங்க.

ஏறிட்டேன். போங்க.

மெதுவா வேண்டாம் தம்பி, இந்த வண்டி மெதுவாப் போனாத்தான் திணறும். இடது பக்கம் திரும்புங்க. அது பெட்டிக்கடை. அந்த அம்மா பார்க்குது, பார்க்கட்டும், நாளைக்கு வந்து யாருன்னு கேட்கும். நேராப் போங்க. லாரி பின்னாடியே போகாதீங்க, சைடு வாங்கிப் போங்க, எனக்கு முன்னால தெரியணும்.

போன் அடிக்குது எனக்கு. அவர்தான், இந்நேரத்துக்கு டவர் கிடைச்சிருக்கும். பையன் வந்தானான்னு கேட்பார். அடிக்கட்டும். வண்டியில் போகும்போது போன் எடுக்கக் கூடாது.

உலுக்கவே இல்லை பார்த்தீங்களா? நான் சொன்னப்போ யாரும் கேட்கலை. லோடு இருந்தா குதிக்காது.

ஏரிக்கரை வந்துடுச்சு. இங்கே தார் ரோடு முடியுது. ஏன் நிறுத்தறீங்க? திரும்பறதா? மண் ரோட்டில் ஓட்டிப் பார்க்காம மலைக்கு வண்டி வாங்கறேன்னு வந்தீங்களா? பள்ளம் வந்தா சொல்லுங்க, கம்பியைப் பிடிச்சுக்கிறேன்.

சீட்டைக் கழட்டறதுன்னா கழட்டிக்குங்க தம்பி. நான் வேண்டாம்னு சொல்லலை, காசு கொடுத்து வாங்கறவர் நீங்க. நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போய்க் கழட்டிக்குங்க. இப்போ அந்தக் கரை தெரியுது பாருங்க, பனைமரம் நிற்குதே, அது வரைக்கும் போங்க. அதுக்கு அந்தப் பக்கமும் ரோடு இருக்கும்னு நினைக்கிறேன். நான் போனதில்லை.